ஹெயிட்டியிலிருந்து ஹேவாஹெட்ட வரை

தளை அறுத்த கதை – 14

பள்ளேகலை என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவு வருவது கிரிக்கெட் மைதானம். கண்டியிலிருந்து தென்னேகும்புர பாலத்தைக் கடந்து திகன வீதியில் போகிறவர்கள், அந்தத் தும்பறைப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கோப்பிக்காடாக இருந்ததை நினைக்கக் காரணமில்லை. 1837ஆம் ஆண்டு இந்தப் பக்கம் ரொபர்ட் போய்ட் டைட்லர் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் வந்து சேர்ந்தார். கோப்பி பயிரிடுவதை அவர் எங்கே கற்றார் என்பதில்தான் இந்த வாரத்துக் கதை தொடங்குகிறது. அவர் தொழில் பழகியது ஜமெய்க்காவில். ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் சவுக்கின் கீழ் வேலை செய்த தோட்டங்களில்.

சென்ற வாரம் கொழும்புக் கொம்பனித் தெருவையும், ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அங்கே அடைத்துவைத்ததையும் பார்த்தோம். அது கடற்கரையின் கதை. மலைநாட்டுக்கு வந்தால் அடிமைத்தனம் வேறு உருவம் எடுக்கிறது. அதை எதிர்த்தவர்களும் வேறு வழிகளைத் தேடவேண்டியிருந்தது.

தப்பியோடிய எசமானின் கைநூல்

1791 ஓகஸ்ட் 22ஆம் திகதி இரவு, கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சான் டொமிங்கோவின் வடசமவெளியில் கரும்புத் தோட்டங்கள் எரியத் தொடங்கின. அந்தக் குடியேற்றத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். உலகம் குடித்த கோப்பியில் கிட்டத்தட்டப் பாதி அங்கிருந்துதான் போனது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்த போரில் அடிமைகளாயிருந்தவர்கள் பிரெஞ்சுப் படையையும் ஸ்பானியப் படையையும் ஆங்கிலப் படையையும் எதிர்த்து நின்றார்கள். அவர்களின் தலைவர் துசான் லூவெர்த்தூர் பிடிபட்டுப் பிரான்சின் குளிர்ச்சிறையில் இறந்த பிறகும் போர் ஓயவில்லை. 1804 ஜனவரி 1ஆம் திகதி ஹெயிட்டி சுதந்திர நாடானது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து ஒரு நாட்டையே கைப்பற்றி நிலைநிறுத்தியது வரலாற்றில் அந்த ஒரு முறைதான்.

அந்தத் தீயிலிருந்து தப்பி ஜமெய்க்காவுக்கு ஓடிய தோட்ட முதலாளிகளில் லாபோரி என்பவரும் ஒருவர். இழந்த தோட்டத்தை நினைத்து அவர் ஒரு புத்தகம் எழுதினார். சான் டொமிங்கோவின் கோப்பிப் பயிர்ச்செய்கை பற்றிய அந்த நூல் 1798இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. காடு வெட்டுவது, கன்று நடுவது, பழத்தைத் தோல் நீக்கிக் காயவைப்பது, அடிமைகளை வைத்து வேலை வாங்குவது என்று எல்லாமே அதில் உண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் புத்தகம் வந்து சேர்ந்த இடம் கண்டி. இலங்கையில் மறுபதிப்பாகி, இங்குள்ள கோப்பித் துரைமாரின் கைநூலாக அது இருந்தது. மாபெரும் அடிமைப் புரட்சியில் தோற்றுப்போன எசமான் எழுதிவைத்த பாடத்தைப் படித்துத்தான் நம் மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. கண்டி மலையில் கோப்பி ஓங்கியதற்கே அடிமைகளின் எதிர்ப்பு ஒரு காரணம். 1823ஐ ஒட்டிக் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் போட்டார். ஆனாலும் அப்போது மேற்கிந்தியக் கோப்பியோடு போட்டியிட இலங்கைக் கோப்பியால் முடியவில்லை. 1831 நத்தார் நாட்களில் ஜமெய்க்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமைப் போதகர் திட்டமிட்ட வேலைநிறுத்தம் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1833இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. 1838இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் முழு விடுதலை பெற்றதும் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835இலேயே இலங்கைக் கோப்பிக்கு விதித்த சுங்கவரி மேற்கிந்தியக் கோப்பியின் வரிக்குச் சமமாகக் குறைக்கப்பட்டிருந்தது. சந்தை திறந்தது, முதல் வந்தது, டைட்லர் போன்றவர்களும் வந்தார்கள். ஆளுக்காக மட்டும் காத்திருந்தார்கள்.

சட்டம் விட்டுவைத்த தீவு

அந்த 1833ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அறியாத ஒரு வாசகம் அதில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கை, சென்ட் ஹெலினா ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தாது என்று விலக்கு அளித்திருந்தார்கள். ஜமெய்க்காவின் அடிமை விடுதலை பெற்ற ஆண்டில் கண்டியின் அடிமை அடிமையாகவே இருந்தார்.

ஆம், கண்டி இராச்சியத்திலும் அடிமைகள் இருந்தார்கள். தோட்ட அடிமைகளைப் போலக் கூட்டங்கூட்டமாக அல்ல. பிரபுக்களின் வளவுகளில் வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும். பிறப்பால் அடிமையானவர்களோடு, வாங்கிய கடனைத் தீர்க்க முடியாமல் அடிமைப்பட்டவர்களும் அதில் அடக்கம். கரையோர மாகாணங்களில் 1816 ஓகஸ்ட் 12க்குப் பிறகு அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர்கள் என்று, பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் அடிமை உடைமையாளர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் கண்டி ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது. பிரபுக்களின் மனம் கோணாமல் நடக்க வேண்டிய நேரம் என்பதால், மலைநாட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. 1837இல் அடிமைகளைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. பதியாமல் விட்டால் அடிமைக்கு விடுதலை. கடைசியில் 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தீவு முழுவதிலும் அடிமைத்தனத்தை ஒழித்தது.

அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேலைக்கு ஒப்புக்கொண்ட கூலியாள் இடையில் வேலையை விட்டுப்போனால் அது குற்றம், சிறை என்றது. அடிமையை விடுவிப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, விடுதலையான ஆளை வேலையில் கட்டிவைக்கும் கயிறு தயாராகிவிட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஒரு மாத முன்னறிவித்தல் தராமல் தோட்டத்தை விட்டுப் போகிறவருக்கு மூன்று மாதம் வரை மறியல். கூலி தராத துரைக்கு எதிராகத் தொழிலாளி வழக்குப் போடலாம்தான். அது குடியியல் வழக்கு. தொழிலாளி மீது துரை போடுவது குற்றவியல் வழக்கு. பிடியாணை பறந்தது ஒரு பக்கம் மட்டும்தான்.

மறுத்தவர்களும் நடந்து வந்தவர்களும்

1832இல் இராசகாரிய முறையை ஒழித்தபோது, கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட கண்டிச் சிங்களவர் தோட்டக் கூலிக்கு வரிசையில் வந்து நிற்பார்கள் என்று ஆட்சியாளர் எதிர்பார்த்தார்கள். கண்டிக்குப் போகும் வீதிகளை இராசகாரியத்தில் வெட்டிய கைகள் அவர்களுடையவை. வெள்ளைக்காரர் மேற்பார்வையில் வேலை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். வயலும் சேனையும் இருந்தவரை அவர்கள் மாதச் சம்பளத்துக்குத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் குடியிருக்க வரவில்லை. ‘சோம்பேறிகள்’ என்று துரைமார் எழுதிவைத்தார்கள். பிழைக்க வேறு வழி இருந்தவர்களின் மறுப்பு அது.

அந்த வழியையும் அடைக்க முயன்றபோதுதான் மலைநாடு கொதித்தது. 1840ஆம் ஆண்டின் சட்டம் காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய காணியாக்கிக் கோப்பிக்கு விற்றது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் புதுப்புது வரிகளோடு, ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் 3 ஷிலிங் கட்டவேண்டும் என்றார். வேறு பெயரில் இராசகாரியம் திரும்பி வந்ததாகவே ஊர்கள் அதை எடுத்துக்கொண்டன. ஜூலை 6ஆம் திகதி கண்டிக் கச்சேரி முன்னால் சனம் திரண்டது. மாத இறுதியில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடினார். மாத்தளையில் கோப்பிக் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. இன்னொரு தலைவரான புரன் அப்புவைப் பிடித்து ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டி போகம்பறையில் சுட்டுக் கொன்றார்கள். அடக்குமுறையின் கடுமை லண்டன் வரை நாறியது. டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

அதே மாத்தளை வீதியில் அந்த ஆண்டுகளில் இன்னொரு கூட்டம் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். வறட்சி துரத்தியவர்கள், அவர்களில் பலர் சொந்த ஊரில் பண்ணையாட்களாயிருந்தவர்கள். தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை வந்து, மாத்தளை வழியாகக் கண்டி மலைகளுக்குப் போனார்கள். அடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே 1844இல் மட்டும் 76,000 பேருக்கு மேல் வந்தார்கள். பெண்களும் சிறுவர்களும் அதில் மிகச் சிலர். காலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகக் காத்திருந்தன. 1841க்கும் 1848க்கும் இடையே 70,000 பேர், அதாவது வந்தவர்களில் காற்பங்கினர், மடிந்தார்கள் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை கணக்கிட்டது. கணக்கு சற்றுக் கூடக்குறைய இருக்கலாம். வழியில் கிடந்த எலும்புகளைப் பற்றி அக்காலப் பயணிகள் எழுதியதை யாரும் மறுக்கவில்லை.

சவுக்கு இருந்த இடத்தில் கடன்

இவர்கள் அடிமைகளா? சட்டப்படி இல்லை. யாரும் இவர்களை விலைக்கு விற்கவில்லை. கூலி என்று ஒன்று பேசப்பட்டது. கோப்பிக் காலத்தில் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில். இந்த வேறுபாட்டைச் சிறியது என்று தள்ளுவது, விலைக்கு விற்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் தோட்டத்தின் அமைப்பு அந்தத் தீவுகளிலிருந்து வந்தது. விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்துவது, கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேலே ஒருவனை நிறுத்துவது, வேலைத்தலத்துக்கு அருகிலேயே வரிசை வரிசையாகக் குடியிருப்புக் கட்டி எல்லாரையும் கண்ணெதிரே வைப்பது: இவை ஆபிரிக்க அடிமைகளிடம் பழகிப் பார்த்த முறைகள். கசையடி சட்டத்தில் இல்லை. நடப்பில் துரையின் கையும் கங்காணியின் பிரம்பும் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஆளை மலையில் பிடித்துவைத்தது அடி அல்ல, கடன்.

கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டுவார். போகும்போது துரையிடம் முற்பணம் வாங்குவார். பயணச் செலவு, வழிச்சாப்பாடு, ஊரில் இருந்த பழைய கடனைத் தீர்த்த பணம், கம்பளி எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறும். தோட்டத்துக்கு வந்த பிறகு அரிசியும் அதே கணக்கில். சம்பளமோ மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். மாதாமாதம் கணக்குத் தீர்க்கத் தோட்டங்களைக் கட்டாயப்படுத்த 1889இல்தான் சட்டம் வந்தது. கடன் இருப்பதால் போக முடியாது. சம்பளம் வரவேண்டியிருப்பதால் போக மனம் வராது. இரண்டுக்கும் நடுவில், ஆளைத் தக்கவைத்திருந்தால் நாளுக்கு இத்தனை சதம் என்று தன் பங்கைப் பெற்றுக்கொண்டு பெரிய கங்காணி நின்றார். கண்டிப் பிரபுவின் வளவில் கடனால் அடிமையானவரை 1844இல் விடுவித்த அரசு, சுற்றியிருந்த மலைகளில் கடனையே தொழில் முறையாக வளரவிட்டது.

இரவில் இறங்கிய மலை

கடனுக்கு எதிராகத் தொழிலாளி கையில் இருந்த முதல் ஆயுதம் கால். துரைமாரின் நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் ஓயாமல் வரும் புலம்பல் இதுதான்: நேற்றிரவு ஒரு கூட்டம் ஓடிவிட்டது. சட்டிபானையைத் தலையில் வைத்து, பிள்ளையைத் தோளில் போட்டு, குறுக்குப் பாதையில் மலையிறங்கிவிடுவார்கள். காலையில் பெரட்டில் ஆள் இருக்காது. சில வேளை கங்காணியே தன் ஆட்கள் முழுப்பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார், அடுத்த மலையில் முற்பணம் கூடக் கிடைக்கிறது என்று தெரிந்தால்.

ஜமெய்க்காவின் நீலமலைகளில் ஓடிப்போன அடிமைகள் காட்டுக்குள் தனி ஊர் அமைத்து, ஆங்கிலேயரோடு 1739இல் உடன்படிக்கையே செய்துகொண்டார்கள். கண்டி மலையில் அதற்கு இடமில்லை. எந்த மலையிலும் இன்னொரு தோட்டம் இருந்தது. ஆனால் அதுவே இங்கே ஓடியவருக்குப் பலமானது. ஆள் பஞ்சத்தில் தவித்த துரை, ஓடிவந்தவரிடம் கேள்வி கேட்கவில்லை. 1854இல் கண்டியில் கூடித் தோட்டத்துரைமார் சங்கம் அமைத்தவர்கள், ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதை மட்டும் நிறுத்த முடியாமல் தவித்தார்கள். அந்தத் தவிப்பில் பிறந்ததுதான் துண்டு முறை. இன்னாரின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வருபவரை வேறு தோட்டம் எடுக்கக் கூடாது. துண்டோடு வருபவரை எடுக்கும் புதிய துரை பழைய கடனைக் கட்டுவார். அது தொழிலாளியின் புதிய கணக்கில் ஏறும். மலை மாறினாலும் கடன் மாறாது.

இந்த முறையைத் தொழிலாளர் அடிமைச்சீட்டாகவே கண்டார்கள். ஆனால் அது ஏன் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் தலைகுனிந்து கிடந்திருந்தால் சீட்டுக்கு வேலையில்லை. 1841, 1865, பிறகு துண்டு என்று பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டது, உள்ளே இருந்தவர்கள் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருந்ததால்தான். நமக்குக் கிடைக்கும் ஆவணங்களில் அவர்கள் பேர் இல்லை. பிடியாணையின் எண்ணிக்கையாக, கணக்கில் வராக்கடனாக மட்டும் இருக்கிறார்கள். கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்து, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட 19 ஏக்கர் தேயிலையின் வழியே மலை முழுவதும் பச்சையாகிய பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள், குடும்பங்கள் ஊன்றின, ஓடுவது கடினமாயிற்று. இனி நின்று எதிர்க்க வேண்டும்.

புடைவை வியாபாரியாக வந்த பத்திரிகையாளர்

துண்டை ஒழிக்க வெளியிலிருந்தும் குரல் எழுந்தது. பொன்னம்பலம் அருணாசலமும், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த பெரி சுந்தரமும் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆள் அனுப்பும் நாடான இந்தியாவின் அரசும் நெருக்கியது. 1921இல் துண்டு முறை சட்டவிரோதமாயிற்று. வேலையை விட்டுப்போனதற்காகச் சிறை வைப்பதும் ஒழிந்தது. தீவில் அடிமைத்தனம் ஒழிந்து 77 ஆண்டுகள் கழித்து, தோட்டத் தொழிலாளி தன் விருப்பத்தில் வேலையை விடுவது குற்றம் இல்லை என்றாயிற்று.

தோட்டத்துக்குள் அந்நியர் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலம் அது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், புடைவை விற்கும் வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார், சட்டசபைக்குள் போனார், 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் எழுதிப் பாடிய பாட்டுகள், கூட்டம் கேட்கப் பயந்தவர்களையும் நின்று கேட்க வைத்தன. துரைக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்து நின்ற மனிதர்கள், துரையின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டிய எழுத்தை வாசிக்கக் கேட்டார்கள்.

1927இன் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயமாகி 1929இல் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலத்தில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள்.

1936இல் மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரைத்தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் பேசினார் என்று வேலை இழந்தார். இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரை ஒரு வெள்ளைக்காரரே சாடியதைக் கேட்டு மலை வியந்தது. 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போகும்படி ஆளுநர் ஸ்டப்ஸ் ஆணையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார், மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் மேடையில் தோன்றினார். மே 18இல் உயர்நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்த்தது. ஆளுநரின் கட்டளையும் தோற்கும் என்பது லயங்களுக்குப் புதிய செய்தி.

முல்லோயா

ஹேவாஹெட்ட மலைகள் கண்டிக்குத் தென்கிழக்கே. இலங்கைத் தேயிலையின் தொட்டிலான லூல்கந்துர அங்கேதான். முல்லோயாத் தோட்டமும் அங்கேதான். 1939 இறுதியில் அந்தத் தோட்டத்தில் சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிற்சங்கம் வேரூன்றியது. கேட்டது சம்பள உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும். துரை மறுத்தார். வேலைநிறுத்தம் தொடங்கியது. ஓடுவதற்குப் பதில் வேலையை நிறுத்திவிட்டு லயத்திலேயே இருப்பது. தப்படித்தும் பெரட்டுக்களம் காலியாகக் கிடப்பது. தோட்ட நிர்வாகத்துக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறில்லை.

1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார்.

ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு அதுவரை தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துபோகும். கோவிந்தனின் சாவு அப்படி முடியவில்லை. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. தொழிலாளர் பக்கம் வாதாட, சமசமாஜத் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா வந்தார். ஆணைக்குழு முடியும் வரை வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி. பி. ஜயதிலக்க பொலிஸ் மாஅதிபர் பேங்க்ஸுக்குச் சொன்னார். பேங்க்ஸ் மறுத்தார். ஆளுநர் அன்ட்ரூ கல்டிகொட் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். பெப்ரவரி இறுதியில் அமைச்சர்கள் அனைவரும் பதவி விலகினார்கள். பிறகு திரும்பி வந்தார்கள் என்பது வேறு விடயம். வாக்குரிமை பெற்ற பெரிய மனிதர்களின் கொழும்பு அரசியலை, ஹேவாஹெட்ட லயத்தில் இருந்த ஒருவரின் சாவு நிலைகுலைய வைத்தது.

அலை பரவியது. பதுளைப் பக்கம் வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் குழு சில நாட்கள் தோட்டத்தையே தன் சொற்படி நடத்தியது. அந்த ஆண்டில் தோட்டத்துரைமார் தரப்பு, தொழிற்சங்கங்களை ஏற்றுக்கொள்ளும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தது. ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டார்கள். அடைத்தது கண்டி போகம்பறைச் சிறையில். 1942 ஏப்ரலில் அவர்கள் அங்கிருந்து தப்பினார்கள், காவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. 1939இல் நேருவின் வருகையை ஒட்டி உருவான இலங்கை இந்தியர் காங்கிரஸ், கம்பளையில் மாநாடு கூட்டித் தொழிற்சங்கமும் தொடங்கியிருந்தது.

வெற்றி எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. புப்புரஸ்ஸப் பக்கம் ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில் சங்கம் அமைத்தவரை வேலையை விட்டு நீக்கியதில் எழுந்த பகை, 1941 மே மாதம் துரை போப்பின் கொலையில் முடிந்தது. இரண்டு தொழிலாளர்கள் தூக்குமேடை ஏறினார்கள். சங்கத்துக்குக் கதவு மூடப்பட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் தோட்டம் சாட்சி. ஒரு பக்கத்தில் உடன்படிக்கை, மறுபக்கத்தில் கொலையும் தூக்கும். இரண்டும் சில ஆண்டுகளுக்குள், கண்டி மலைகளைச் சுற்றி நடந்தவை.

யார் கொடுத்த விடுதலை?

அடிமை ஒழிப்பின் கதையைச் சட்டங்களின் பட்டியலாகச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு: 1816, 1833, 1844, 1921. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல மனிதர், ஒரு கையெழுத்து. அந்த மனிதர்களின் உழைப்பைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆண்டுக்கும் முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் வரிசை வேறாகிறது. 1833க்கு முன்னால் சாம் ஷார்ப்பின் நத்தார்க் கிளர்ச்சி. 1921க்கு முன்னால் எண்பது ஆண்டுகள் இரவில் மலையிறங்கிய ஆயிரக்கணக்கான பேர். 1940இன் உடன்படிக்கைக்கு முன்னால் கோவிந்தன்.

கண்டி மலையில் ஹெயிட்டி நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதால் இங்கே எதிர்ப்பு இல்லை, அடக்கமான சனம் என்ற பேச்சு இன்றும் உண்டு. அது அந்தக் கைநூலை எழுதிய லாபோரியின் பக்கத்திலிருந்து வரும் பார்வை. தன் தோட்டத்து ஆட்களும் அடக்கமானவர்கள் என்றுதான் அவரும் 1791 ஓகஸ்ட் வரை நம்பியிருப்பார். இங்கே அடிமைக்கும் கூலிக்கும் இடையிலான வேறுபாடு முதலில் வெறும் காகிதத்தில்தான் இருந்தது. நான்கு தலைமுறை ஓடியும் மறுத்தும் வழக்காடியும் நின்றும் அந்த வேறுபாட்டை உண்மையாக்கினார்கள். ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாக இன்று நினைவுகூர்கிறார்கள். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த பாதையில் நடந்து வந்தவர்கள் கேட்டவையும் அந்த வரிசையின் தொடர்ச்சிதான்: காணி, வீடு, நியாயமான சம்பளம், சம பிரசை என்ற மதிப்பு.

கடைசியாகச் சொன்னது ஏன் இன்னும் கேட்கப்பட வேண்டியிருக்கிறது? முல்லோயா நடந்து எட்டே ஆண்டுகளில், சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் இந்த மக்களின் குடியுரிமையில் கைவைத்தது. சங்கம் அமைத்து, வாக்களித்து, ஆட்களைச் சபைக்கு அனுப்பத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த பதில் அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)